மொழியறியாத் தணிக்கை

சென்ற வருஷம் பிப்ரவரி மாதக் கடைசியில், பெண்டாங் வட்டாரத்துத் தோட்டங்களிலும் பட்டணத்திலுமுள்ள நண்பர்கள் சிலர் ஒன்றுகூடி, 1947-ஆம் வருஷத்தில் பீடோங்கில் நடந்த கள்ளுக்கடை மறியலைப் பற்றி இருபது முப்பது வரிகளில் ஒரு குறிப்பு எழுதினோம். நமது சிறு வாசகசாலையின் பெயரால் வலைத்தளம் ஒன்றில் அதை வெளியிட்டோம். அதற்கு நாம் கொடுத்த தலைப்பு "கள் ஒழிக" என்பது. கால் மணி நேரம் ஆவதற்குள் குறிப்புக் காணாமற் போயிற்று. வன்முறையைத் தூண்டும் எழுத்தாதலால் அகற்றப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் வந்தது. மறுபரிசீலனை கோரும் பொத்தானை அழுத்தினோம். தேநீர் குடித்து முடிப்பதற்குள் மறுபரிசீலனையும் முடிந்துவிட்டது, தீர்ப்பில் மாற்றமில்லை.

நண்பர்களுள் ஒருவர், இக்கம்பெனிகள் தமிழரென்றாலே பகை பாராட்டுகின்றன என்று கொதித்தார். மற்றொருவர், இதைச் செய்தது யந்திரம், யந்திரத்துக்குக் கட்சியேது, ஜாதியேது, அது தராசைப் போன்றது என்று சமாதானம் கூறினார். இரண்டு கூற்றையும் நாம் முழுதும் ஒப்புவதற்கில்லை. பகையில்லாமலே பட்சபாதம் நிகழக்கூடும். தராசிலும் படிக்கல்லை வைப்பவன் மனிதனே. இதை விளங்கிக்கொள்ள, அமெரிக்கக் கம்பெனிகளின் வாயிலுக்குச் செல்லுமுன், 1878-ஆம் வருஷத்துக் கல்கத்தாவுக்குச் சென்று வருதல் நலம்.

அவ்வருஷம் மார்ச் 14-ஆந் தேதி, லிட்டன் பிரபு ராஜப்பிரதிநிதியாக இருந்த காலத்தில், நாட்டுமொழிப் பத்திரிகைச் சட்டம் நிறைவேறியது. இந்திய மொழிகளில் வரும் பத்திரிகையின் அச்சிடுவோரையும் வெளியிடுவோரையும் மாஜிஸ்டிரேட் அழைத்து முறி எழுதி வாங்கலாம், பிணைப்பணம் கேட்கலாம், மீறினால் அச்சு யந்திரத்தையே பறிமுதல் செய்யலாம். கோர்ட்டுக்கு அப்பீல் கிடையாது. இத்தொல்லை வேண்டாமென்பவர், அச்சாகுமுன் தம் எழுத்தை அதிகாரியிடம் காட்டி அனுமதி பெற்றுக்கொள்ளலாம். இவற்றிலெல்லாம் விசித்திரமானது, ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதே. ஒரே கண்டனத்தை ஆங்கிலத்தில் எழுதினால் அது அபிப்பிராயம். வங்காளியில் எழுதினால் அது இராஜத் துரோகத்தின் வித்து! அதுவரை இரு மொழியிலும் வெளிவந்த அமிர்த பஜார் பத்திரிகா, சட்டம் பிறந்த ஒரு வாரத்திற்குள் முழு ஆங்கிலப் பத்திரிகையாகி வலையினின்று நழுவியது. மொழியை மாற்றினால் குற்றமே மறையுமாயின், அச்சட்டம் தண்டித்தது கருத்தையா, மொழியையா?

சென்னை மாகாணத்துக்கு மட்டும் இச்சட்டம் நீட்டப்படவில்லை. அது கொண்டு தமிழ்ப் பத்திரிகைகள் தப்பின என்று மகிழ்வோர் சற்றுப் பொறுக்க. சென்னைச் சர்க்காரிடம் மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளில் வரும் பத்திரிகைகளைப் படித்து, அதிகாரிகள் அறியவேண்டுமென்று தமக்குத் தோன்றிய பகுதிகளை ஆங்கிலத்தில் சுருக்கி, அந்தரங்க அறிக்கையாக அச்சிட்டு அளிப்பது அவர்கள் தொழில். அவ்வறிக்கைகளை இன்றும் வரலாற்றாசிரியர்கள் புரட்டுகிறார்கள். ஏனெனில் அக்காலத்துப் பத்திரிகைகள் பலவற்றின் பிரதிகள் அழிந்துபோய், உளவுக்காக எடுத்த சுருக்கம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. நான்கு பக்கத் தலையங்கம் நான்கு வரியாகிறது. கேலி ஆணையாகிறது, பழமொழி மிரட்டலாகிறது, வேண்டுகோளுக்கும் சாபத்துக்கும் வேற்றுமையில்லாமற் போகிறது.

ஆங்கிலத்திற் கல்வி பயின்று தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நமக்கு அம்மொழிபெயர்ப்பாளரின் நிலை நன்றாக விளங்கும். ஒரு தாய், வீட்டுக் கூரை ஒழுகுவதையும், குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதையும், தண்டல் பேசிய பேச்சையும் கால் மணி நேரம் கண்ணீருடன் சொல்லுகிறாள். நாம் மேனேஜருக்கு எழுதுவது, "கூரை பழுது, ஆள் அனுப்பவும்" என்ற ஒரு வரி. நாம் பொய் எழுதவில்லை. ஆனால் உண்மையையும் எழுதவில்லை. நமக்குத் தமிழ் தெரிந்திருந்தும் இந்தக் கதி!

பிற்காலத்துச் சட்டங்கள் தமிழையும் விடவில்லை. பாரதியாரின் 'இந்தியா' 1908-இல் சென்னையை விட்டுப் புதுச்சேரிக்கு ஓடவேண்டியதாயிற்று. அங்கிருந்து வந்த இதழ்களைப் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையவொட்டாமல் தடுக்கவே, 1910-இல் அது நின்றது. 1933 அக்டோபரில் 'குடி அரசு' "இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும்?" என்று ஒரு தலையங்கம் தீட்டியது. அதற்காக ஆசிரியர் ஈ. வெ. ராமசாமியும், வெளியிட்ட அவர் தங்கை கண்ணம்மாளும் இராஜத் துரோக வழக்கில் சிறை சென்றனர். வாசகர்கள் இங்கே ஒன்று கவனிக்கவேண்டும். அவ்வழக்கு அநியாயமானதே. எனினும் குற்றம் சாட்டியவர் யாரென்று தெரிந்திருந்தது, எந்த எழுத்து என்று தெரிந்திருந்தது, கோர்ட்டு இருந்தது, ஈ. வெ. ரா. எழுத்து மூலம் கொடுத்த வாக்குமூலத்தைப் பிற்காலத்தார் இன்றும் படிக்கிறார்கள். நமது வாசகசாலையின் குறிப்புக்கு இவற்றுள் ஒன்றேனும் கிடைத்ததா?

இனி அக்குறிப்பின் பொருளுக்கே வருவோம். 1946-இல் பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் தொண்டர் படை தோன்றியது. தொழிலாளியின் கூலியைக் கள்ளுக்கடை விழுங்குவதைத் தடுப்பது அதன் முதல் வேலை. தொண்டர்கள் சீருடை அணிந்து அணிவகுத்தார்கள். இயக்கம் தெற்குக் கெடாத் தோட்டங்களிற் பரவி, 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கிலும், மார்ச் தொடக்கத்தில் டப்ளின் தோட்டத்திலும் போலீசாருடன் மோதல் நேர்ந்து உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. துரைமாருக்கும் போலீசுக்கும் 'படை' என்ற சொல்லே போதுமாயிருந்தது. தொண்டு செய்வோர் கூட்டம் என்று தமிழனுக்குப் பட்டது, ஆயுதமேந்தப்போகும் சேனை என்று அவர்களுக்குப் பட்டது. எழுபத்தெட்டு வருஷங்களுக்குப் பின் அதே நிகழ்ச்சியை நினைவுகூர்ந்த நம்மையும் ஒரு கணித யந்திரம் அதே கண்ணோடு பார்த்திருக்கிறது.

அந்த யந்திரம் வேலை செய்யும் விதம் வருமாறு. முதலில் மனிதர்கள் ஆயிரக்கணக்கான எழுத்துக்களைப் படித்து, இது தகும், இது தகாது என்று முத்திரையிடுகிறார்கள். அம்முத்திரைகளைக் கண்டு யந்திரம் பழகுகிறது. பழகியபின் புதிய எழுத்து ஒன்று வந்தால், இது தகாததாயிருக்க நூற்றுக்கு இத்தனை பங்கு வாய்ப்பு என்று ஒரு மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் ஒரு கோட்டைத் தாண்டினால் எழுத்து விழும். செம்பனைக் குலை தரம் பிரிப்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. காயில் கருமையாயிருந்து பழுக்கையில் சிவக்கும் இனத்தை மட்டும் காட்டிப் பழக்கப்பட்ட ஒருவனிடம், காயில் பச்சையாயிருக்கும் வேறு இனத்தின் குலையைக் கொடுத்துப் பாருங்கள். கருமையில்லை, ஆகவே காயன்று என்று அதை ஏற்றுக்கொள்வான். அவன் அயோக்கியனல்லன், அவனுக்குக் காட்டிய குலைகள் அத்தகையவை.

யந்திரத்துக்கு மிகுதியாகக் காட்டப்பட்டவை ஆங்கிலக் குலைகள். தமிழ் எழுத்துக் குறைவு. அதிலும் தோட்டத் தமிழ், மலாய் கலந்த தமிழ், ரோமன் எழுத்தில் தட்டும் தமிழ் மிகக் குறைவு. "நாளை வெட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும்" என்று ஒரு மண்டோர் கைப்பேசியில் எழுதினால், அது ரப்பர் மரம் சீவுவதற்கு என்று நமக்குத் தெரியும், யந்திரத்துக்குத் தெரியுமா? பாட்டுக்காரனைப் புகழ்ந்து "கொன்றுவிட்டான்" என்கிறோம். 'ஒழிக' என்பதோ சீர்திருத்தக்காரரின் நாவில் தினமும் புரளும் சொல். தீண்டாமை ஒழிக, குடி ஒழிக, ஜாதி ஒழிக என்கையில் எவர் உயிரையும் நாம் வாங்கவில்லை. ஒரு வழக்கம் நீங்குக என்கிறோம். அதை ஆங்கிலத்தில் 'அழித்துவிடு' என்று பெயர்த்தபின் தீர்ப்புச் சொல்வது, பழைய சென்னை மொழிபெயர்ப்பாளரையும் விட மோசமான வேலை. ஜாதியின் பெயரைச் சொல்லாமல் ஜாதி கண்டிக்க வழியில்லை. அப்பெயரையே குற்றமாக எண்ணும் யந்திரம், கண்டிப்பவனைப் பிடித்துக்கொண்டு, பதவிசாக ஜாதித் திமிர் பேசுகிறவனைக் கைகூப்பி அனுப்பிவிடும்.

இது மொழிக் குறையேயன்றி அரசியலன்று எனச் சிலர் கூறலாம். அதற்கு நாம் சொல்வது: கோட்டை எங்கே போடுவது என்பது கணக்கன்று, அரசியலே. 2023 அக்டோபரில் காஸா யுத்தம் மூண்டபின் மெட்டா கம்பெனி செய்ததை வால் ஸ்டிரீட் ஜர்னல் வெளியிட்டது. பகைமைப் பேச்சென்று நூற்றுக்கு 80 பங்கு நிச்சயமானால் மறைப்பது என்றிருந்த எல்லையை, பலஸ்தீனப் பகுதியிலிருந்து வரும் கருத்துரைகளுக்கு 25 பங்காகத் தாழ்த்திவிட்டார்கள். யந்திரம் அதே யந்திரம்; படிக்கல் வேறு. இதற்கு முன் 2021 மே மாதக் கலகத்தை ஒட்டி மெட்டாவே அமர்த்திய பி. எஸ். ஆர். என்னும் ஆலோசனை நிறுவனம், 2022 செப்டம்பரில் தன் அறிக்கையை வெளியிட்டது. அரபி எழுத்துக்கள் அளவுக்கு மீறி அகற்றப்பட்டன என்றும், பகைமைப் பேச்சைக் கண்டுபிடிக்கும் யந்திரம் ஹீப்ரு மொழிக்கு அப்போது இருக்கவேயில்லை என்றும் அது கூறிற்று. ஒரு மொழிக்குப் போலீசு உண்டு, மற்றொரு மொழிக்கு இல்லை என்றால், லிட்டன் பிரபுவின் சட்டத்துக்கும் இதற்கும் வேற்றுமை யாது? லிட்டன் அதைச் சட்டப் புத்தகத்திலாவது எழுதி வைத்தார்.

படிக்கல்லைப் போலவே பட்டியலும் மனிதன் செய்தது. ஆபத்தான மனிதர்கள், ஆபத்தான ஸ்தாபனங்கள் என்று மெட்டா கம்பெனி ஒரு பட்டியல் வைத்திருந்தது. கசிந்து வந்த அதை 2021 அக்டோபரில் இண்டர்செப்ட் என்னும் அமெரிக்கப் பத்திரிகை அச்சிட்டது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள். ஏறக்குறைய ஆயிரம் பெயர்கள் அமெரிக்கச் சர்க்காரின் பட்டியலிலிருந்து வந்தவை. 1997 முதல் அமெரிக்கா தடை செய்துள்ள விடுதலைப் புலிகள் இயக்கமும் அதில் உண்டு. அவ்வியக்கத்தின் செயல்களைக் குறித்துத் தமிழரிடையே ஒரே அபிப்பிராயம் இல்லை. அதை இங்கே தீர்க்க நாம் புகவில்லை. ஆனால் யுத்தத்தில் மாண்ட மகனுக்காக அழும் தாயின் எழுத்தும், இயக்கத்தைக் கண்டித்து எழுதும் ஆராய்ச்சியும், ஆள் சேர்க்கும் பிரசாரமும் ஒரே வலையில் வீழும் என்பதே நமது முறையீடு. லண்டனிலிருந்து வரும் தமிழ் கார்டியன் பத்திரிகை, நினைவுநாட் செய்திகளை வெளியிட்டதற்காகத் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகள் அகற்றப்பட்டதாகப் பலமுறை முறையிட்டிருக்கிறது.

இந்நாட்டிலேயே 2019 அக்டோபரில் சொஸ்மா சட்டத்தின்கீழ்ப் பன்னிருவர் இவ்வியக்கத்தோடு தொடர்புடையவர்களென்று கைதானார்கள். இருவர் சட்டமன்ற உறுப்பினர். 2020 பிப்ரவரியில் அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் வழக்குகளைக் கைவிட்டார். மாண்ட தலைவனொருவனின் படத்தை வைத்திருப்பதும் அவனைப் போற்றுவதும் பயங்கரவாதச் செயலாகா என்பது அவர் கொண்ட கருத்து. எத்தனையோ மாதம் அவர்கள் சிறையில் வாடினார்கள். எனினும் முடிவில் ஒரு மனிதன் காகிதத்தில் காரணம் எழுதிக் கையெழுத்திட்டான். அதே படத்தை அகற்றும் கம்பெனியில் அவ்வாறு கையெழுத்திடுவோர் எவருமில்லை.

பெரிய இடத்துக்கு மட்டும் விதி வேறு. 2024 ஜூலை 31-ஆந் தேதி ஹமாஸ் தலைவர் இஸ்மாயில் ஹனியே தெஹ்ரானில் கொல்லப்பட்டபோது, நமது பிரதமர் அன்வார் இப்ராஹிம் விடுத்த இரங்கற் செய்தியையே பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அகற்றின. சர்க்கார் விளக்கம் கேட்டது. கம்பெனியின் பிரதிநிதிகள் நேரில் வந்தனர். ஒரு வாரத்துக்குள், வேலையில் நேர்ந்த பிழை என்று மன்னிப்பும் கேட்டனர். பிரதமருக்கு ஒரு வாரமும் ஒரு மந்திரிசபையும் தேவைப்பட்டன. பெண்டாங் வாசகசாலைக்கு எத்தனை வருஷம் தேவையோ!

கம்பெனியின் அலட்சியத்துக்கு மற்றொரு சான்றும் கூறுவோம். குர்தியத் தலைவர் ஓஜலானின் தனிச்சிறைக் கொடுமையைப் பேசலாம் என்று 2017-இல் பேஸ்புக் தன் ஊழியர்களுக்கு ஓர் உள்விதி எழுதியது. 2018-இல் விதிகளைப் புதிய ஏற்பாட்டுக்கு மாற்றும்போது அது தவறிப் போயிற்று! மூன்று வருஷம் கழித்து, ஒருவர் எழுத்து அகற்றப்பட்டு, கம்பெனி நிறுவிய மேற்பார்வைச் சபைக்கு வழக்குப் போனபின்தான் விதி காணாமற் போனதே தெரிந்தது. எமது ஆபீசில் ஒரு நாட் சம்பளத் தாள் தொலைந்தால் கிராணியின் வேலைக்கே ஆபத்து. 'ஷஹீது' என்ற ஒரு சொல்லே மற்றெந்தச் சொல்லையும்விட அதிகமான எழுத்துக்களை வீழ்த்தியது என்று அதே சபை 2024 மார்ச்சில் எழுதிற்று. தியாகி, விபத்தில் இறந்தவர் எனப் பல பொருள் தரும் அரபிச் சொல் அது. நமது 'மாவீரர்', 'வீரவணக்கம்' என்பவற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தணிக்கையே வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் எழவில்லை. 2018 மார்ச்சில் இலங்கையில் கண்டியை அடுத்த திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, அதற்கு முன்னும் பின்னும் சிங்களத்தில் எழுதப்பட்ட கொடுஞ்சொற்கள் பேஸ்புக்கில் உலவின. சிங்களம் படிக்கத்தெரிந்த பரிசோதகர் போதிய அளவில் இல்லை. இலங்கைச் சர்க்கார் சில நாட்கள் பேஸ்புக்கையே அடைத்தது. 2020 மேயில் கம்பெனி தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தது. மொழியறியாமை அங்கே நஞ்சைத் தப்பவிட்டது. இங்கே மருந்தைக் கொட்டியது. தெரிந்தே தப்பவிட்டதும் உண்டு. தெலிங்கானா பா. ஜ. க. சட்டமன்ற உறுப்பினர் ராஜா சிங்கின் பேச்சு விதியை மீறியது என்று ஊழியர்கள் கூறியும், கம்பெனியின் இந்திய வியாபாரம் கெடும் என்று அதன் இந்திய அதிகாரி அங்கி தாஸ் தடுத்ததாக 2020 ஆகஸ்டில் வால் ஸ்டிரீட் ஜர்னல் எழுதியது. அக்டோபரில் அவ்வம்மையார் பதவி விலகினார். அமெரிக்காவில் வலதுசாரிகள், தணிக்கை தங்களையே நசுக்குகிறதென்று கூவினார்கள். 2025 ஜனவரி 7-ஆந் தேதி ஜூக்கர்பர்க் அவர்கள் பக்கம் சாய்ந்து, அந்நாட்டில் உண்மை சரிபார்ப்போரையே நீக்குவதாக அறிவித்தார். வலியவன் கூவினால் கோடு நகரும்.

அப்படியாயின் சர்க்காரே தணிக்கை செய்யட்டும் என்பாரும் உளர். 2023 முதல் ஆறு மாதத்தில் மட்டும், உள்ளூர்ச் சட்டத்துக்கு மாறானவை என்ற புகாரின் பேரில், மெட்டா மலேசியாவில் ஏறக்குறைய 3,100 பக்கங்களையும் பதிவுகளையும் மறைத்தது. 2025 ஜனவரி முதல் எண்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் பயன்படுத்தும் தளங்களுக்கு லைசென்சு முறையும் வந்தது. 1948-இல் அச்சுக்கூடச் சட்டத்தின் கீழ் லைசென்சு வாங்கிய பத்திரிகைக்காரரையும், 1987 அக்டோபரில் லைசென்சு பறிபோன மூன்று பத்திரிகைகளையும் மறக்காதவர்கள் இதில் அவசரப்படமாட்டார்கள். சர்க்காரிடம் ஒரு நன்மை மட்டும் உண்டு: கோர்ட்டுக்கு இழுக்கலாம். பிரதமர் மோடியைக் கேலி செய்த சித்திரத்துக்காக 2025 பிப்ரவரியில் ஆனந்த விகடனின் வலைத்தளம் முடக்கப்பட்டது. விகடன் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. சித்திரத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தடையை நீக்கவேண்டும் என்று மார்ச்சு 6-ஆந் தேதி உத்தரவாயிற்று. பாதி நியாயந்தான். ஆயினும் வழக்கு எண் உண்டு, நீதிபதி உண்டு, உத்தரவு உண்டு.

நாம் கேட்பது பெரிதன்று. எந்த வரி, எந்த விதி, அகற்றியது யந்திரமா மனிதனா என்று நம் மொழியில் எழுதித் தருக. அப்பீல் செய்தால் தமிழ் அறிந்த மனிதன் ஒருவன் படிக்கட்டும். ஐரோப்பாவில் 2024 பிப்ரவரி முதல் எல்லாத் தளங்களும் காரணம் எழுதித் தரவேண்டும் என்று சட்டமே உண்டு. அங்கே முடிவது கெடாவில் முடியாதா? அகற்றியவற்றைச் சேமித்தும் வைக்கவேண்டும். சென்னைச் சர்க்காரின் உளவு அறிக்கையால் அக்காலத்துத் தமிழெழுத்தின் நிழலாவது நமக்கு மிஞ்சிற்று. யந்திரம் விழுங்கியதில் நமது பேரர்களுக்கு நிழலும் மிஞ்சாது.

நமது குறிப்பு இன்னும் திரும்பவில்லை. அதைத் தாளில் அச்சடித்து வாசகசாலைச் சுவரில் ஒட்டினோம். இரண்டாம் நாள், 1947-இல் ஆறு வயதுப் பையனாயிருந்த ஒரு பெரியவர் வந்து நின்று முழுதும் படித்தார். கள்ளுக்கடை சாலையின் எந்தப் பக்கம் இருந்தது என்று நாம் தவறாக எழுதியிருப்பதாகக் கூறி, பென்சில் வாங்கி, தம் கையாலேயே திருத்திவிட்டுப் போனார்.